நாளுக்கு 24 ரீடிங் கூடுதல்: ட்ரீமேப் வீச்சுகளில் நேர்ந்த பிழை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நாளின் 24 மணிநேரக் கணக்குகளையும் கூட்டினால் அந்த நாளின் மொத்தம் வர வேண்டும். எங்கள் மின்மீட்டர் அறிக்கையில் வரவில்லை. மணிக் கணக்குகளின் கூட்டுத்தொகை நாள் மொத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. ஒரு நாள்கூட அது குறைந்ததில்லை. ரவுண்டிங் பிழையாக இருக்கும் என்று சொல்லி முதலில் தள்ளிப்போட்டோம். அப்போதே நாங்கள் நிதானித்திருக்க வேண்டும். ரவுண்டிங் என்றால் ஒரு நாள் கூடும், மறுநாள் குறையும். இப்படி ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்காது.

சேவையின் வேலை எளிமையானது. மின்மீட்டர்களிலிருந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் வரும்; அந்த நிமிடத்தில் செலவான மின்சாரம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு ட்ரீமேப், அதாவது கீகளை வரிசையில் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைச் சேமிக்கும் ஜாவா மொழியின் அமைப்பு. கீ என்பது நேரம், மதிப்பு என்பது ரீடிங். சேர்ப்பதற்கு முன்பு வினாடிகளை வெட்டிவிடுவோம், அதனால் கீகள் 10:00, 10:01, 10:02 என்று முழு நிமிடங்களாகவே இருக்கும். கடந்த 30 நாள் ரீடிங்குகள் நினைவகத்தில் இருக்கும், அதாவது மீட்டருக்கு 43,200 கீகள். அதற்கு முந்தையவை தரவுத்தளத்தில்.

ட்ரீமேப்பைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. ஒரு கீயைக் கொடுத்தால் அதன் மதிப்பைத் தருவதில், கீகளை வரிசைப்படுத்தாமல் வைக்கும் ஹேஷ்மேப் அதைவிட வேகமானது. ஆனால் 'பத்து மணியிலிருந்து பதினொரு மணிக்குள் வந்தவை எவை' என்று ஹேஷ்மேப்பிடம் கேட்டால் எல்லாக் கீகளையும் புரட்டிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ட்ரீமேப் உள்ளே ஒரு சிவப்பு-கருப்பு மரம், அதாவது தன்னைச் சமநிலையில் வைத்துக்கொள்ளும் தேடல் மரம். கீகள் எப்போதும் வரிசையில் இருக்கும். 43,200 கீகள் உள்ள அத்தகைய மரத்தில் வேரிலிருந்து எந்தக் கீக்கும் 30 படிகளுக்குள் இறங்கிவிடலாம். வீச்சின் (இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட பகுதியின்) தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கிருந்து அடுத்தது, அடுத்தது என்று நடப்பதுதான் வேலை. பழுது இருந்தது அந்த வீச்சை நாங்கள் கேட்ட விதத்தில்.

முதல் தடயம்

மின்சார அளவுகளை விட்டுவிட்டு, எத்தனை ரீடிங்குகள் கணக்கில் சேர்ந்தன என்று மட்டும் எண்ணிப் பார்த்தபோதுதான் விஷயம் துலங்கியது. நாள் கணக்கில் 1440. அதே நாளின் மணிக் கணக்குகளில் மொத்தம் 1464. வித்தியாசம் 24, அதாவது மணிக்கு ஒன்று. ஒவ்வொரு மணிநேர வீச்சிலும் 60 ரீடிங் இருக்க வேண்டிய இடத்தில் 61 இருந்தன. 11:00 ரீடிங் பத்து மணிக் கணக்கிலும் சேர்ந்திருந்தது, பதினொரு மணிக் கணக்கிலும் சேர்ந்திருந்தது. அறிக்கை மணி முடிந்து ஐந்து நிமிடம் கழித்து ஓடுவதால் 11:00 ரீடிங் அதற்குள் வந்து காத்திருக்கும்.

சில நாள்களில் வித்தியாசம் 23 அல்லது 22 என்று வந்தது கொஞ்ச நேரம் எங்களைக் குழப்பியது. அந்த நாள்களின் ரீடிங்குகளைத் திறந்து பார்த்தால், இணைப்பு அறுந்து விடுபட்ட நிமிடங்களில் ஒன்றோ இரண்டோ சரியாக மணியின் தொடக்கத்தில் விழுந்திருந்தன. எல்லையில் கீ இல்லாவிட்டால் இரட்டிப்பும் இல்லை. எங்கள் ஊகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

1440-இல் 24 என்பது சுமார் 1.67 சதவீதம். கண்ணை உறுத்தாத அளவுக்குச் சிறியது, ஆனால் ஒருவருடைய செலவுக் கணக்கில் தவறு என்று சொல்லப் போதுமான அளவுக்குப் பெரியது. இந்த அளவுப் பிழைகள்தான் நெடுநாள் பிழைத்துக் கிடக்கின்றன.

எல்லை யாருடையது

ஜாவாவில் சார்ட்டட்மேப் என்ற இன்டர்ஃபேஸ் 1998-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதில் வீச்சு கேட்க மூன்று வழிகள். சப்மேப்(தொடக்கம், முடிவு) இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்டதைத் தரும். ஹெட்மேப்(முடிவு) அந்த எல்லைக்கு முன்னால் உள்ளதைத் தரும். டெயில்மேப்(தொடக்கம்) அந்த எல்லையிலிருந்து கடைசிவரை தரும். மூன்றுக்கும் ஒரே விதி: தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. சப்மேப்(10:00, 11:00) என்றால் 10:00 சேரும், 11:00 சேராது.

இந்தப் பாதி திறந்த வடிவத்தைப் பலர் ஒரு வினோதமாக நினைக்கிறார்கள், மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்கைப் போல. ஆனால் அதற்கு உறுதியான காரணம் உண்டு. 10-லிருந்து 11 வரை, 11-லிருந்து 12 வரை என்று வீச்சுகளை ஒட்டிவைத்தால் நடுவே ஓட்டையும் இல்லை, மேற்படிதலும் இல்லை. ஒரு வீச்சின் முடிவே அடுத்ததன் தொடக்கம். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் வீச்சு காலி. 1982-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா எண்களைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது பற்றி எழுதிய சிறு குறிப்பில் இதே வடிவத்துக்காகத்தான் வாதாடினார். முழு எண்களில் 'முடிவு கழித்தல் தொடக்கம்' என்பதே வீச்சின் நீளமாகவும் அமைகிறது என்பது அவருடைய காரணங்களில் ஒன்று.

2006-இல் வெளியான ஜாவா 6, சார்ட்டட்மேப்பை விரிவாக்கிய நேவிகபிள்மேப்பைக் கொண்டுவந்தது. சப்மேப்புக்கு நான்கு அளவுருக்கள் கொண்ட வடிவம் கிடைத்தது: ஒவ்வொரு எல்லைக்கும் அது சேர வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பூலியன். அதற்கு முன்பு சரங்களைக் கீயாக வைத்திருந்தவர்கள் முடிவையும் சேர்க்க, முடிவுச் சரத்தின் வாலில் ஒரு பூஜ்ய எழுத்தை ஒட்டிக் கேட்டார்கள். அந்த உத்தியை ஜாவாவின் ஆவணமே சொல்லிக்கொடுத்தது. பூலியன் வந்ததும் அந்தத் தொல்லை போனது. தேவையான வசதிதான். ஆனால் எங்கள் பிழை அந்தப் பூலியன் வழியாகத்தான் நுழைந்தது.

நடந்தது இது. சேவையில் நாள்வாரிச் சுருக்கங்களுக்குத் தனியாக ஒரு ட்ரீமேப் உண்டு. அதன் கீ லோக்கல்-டேட், அதாவது வெறும் தேதி. பயனர் திரையில் '1-ஆம் தேதி முதல் 30-ஆம் தேதி வரை' என்று தேர்ந்தெடுப்பார். அப்படிச் சொல்லும் எவரும் 30-ஆம் தேதியையும் சேர்த்துத்தான் சொல்கிறார். நிரலோ அந்த இரண்டு தேதிகளையும் அப்படியே சப்மேப்புக்குக் கொடுத்தது. கடைசி நாள் விடுபட்டது. புகார் வந்தது. திருத்தியவர் எங்கள் பொதுவான உதவி முறையைத் (மெதடைத்) திறந்து, இரண்டு எல்லைக்கும் 'ட்ரூ' என்று போட்டார். கடைசி நாள் வந்துவிட்டது, டெஸ்ட்கள் பச்சை, புகார் மூடப்பட்டது.

அந்த உதவி முறை ஜெனரிக், எந்த வகைக் கீக்கும் பொதுவானது. நிமிட ரீடிங்குகளை மணிவாரியாக வெட்டுவதும் அதே முறைதான். நாள் மொத்தம் மட்டும் அதன் வழியாக வராமல் சப்மேப்பை நேரடியாக அழைத்ததால் சரியாக இருந்தது. திருத்தியவர்மேல் எனக்குக் குறையில்லை. அந்த மாற்றத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மூடிய வீச்சு தேதிகளுக்குச் சரியாகத்தான் வேலை செய்தது, ஏனென்றால் அங்கே ஒரு சமயத்தில் ஒரே ஒரு வீச்சைத்தான் கேட்கிறோம், ஒட்டிவைத்த அண்டை வீச்சு கிடையாது. ஒட்டிவைக்கும் இடத்தில் அதே மூடிய வீச்சு நஞ்சாகிறது.

'வரை' என்ற சொல்லே இருபொருள்பட நிற்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். '30-ஆம் தேதி வரை' என்றால் 30 உள்ளே. 'பதினொரு மணி வரை' என்றால் பதினொன்று அடித்ததும் முடிந்தது. பேசும்போது இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை, தேதிக்கு அகலம் உண்டு, கணத்துக்கு அகலம் இல்லை என்பது தானாகவே புரிகிறது. மேப்புக்கு அது புரியாது. அதற்கு இரண்டும் வெறும் கீ.

சரியான திருத்தம் எல்லையை மொழிபெயர்ப்பது. திரையிலிருந்து '30 வரை' என்று வந்தால் அந்த இடத்திலேயே ஒரு நாளைக் கூட்டி, '31-க்கு முன்' என்று மாற்றிவிட வேண்டும். உள்ளே எங்கும் பாதி திறந்த வீச்சு மட்டுமே. இப்போது எங்களிடம் தொடக்கம், முடிவு என்ற இரண்டு மட்டுமே கொண்ட ஒரு சின்ன ரெக்கார்ட் இருக்கிறது. பூலியன் எதுவும் அதில் இல்லை. முடிவைவிடத் தொடக்கம் பெரிதாக இருந்தால் அது உருவாகும்போதே மறுத்துவிடும். ட்ரீமேப்பும் தலைகீழான எல்லைகளைக் கண்டால் இல்லீகல்-ஆர்க்யுமென்ட்-எக்செப்ஷன் என்ற பிழை அறிவிப்பை எறியும். ஆனால் பிழை உண்டான இடத்துக்குப் பக்கத்திலேயே அது தெரிவது நல்லது. நாளின் முடிவை 23:59:59 என்று எழுதிவைத்திருந்த இரண்டு இடங்களும் இந்தத் துப்புரவில் அகப்பட்டன. நிமிடக் கீகள் இருக்கும்வரை அவை பிழை காட்டாது. ஒரு நாள் வினாடியின் பின்னங்களோடு ரீடிங் வரத் தொடங்கினால், நாளின் கடைசி வினாடிக்குள் வருபவை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

ஜன்னலைப் பெட்டி என்று நினைத்தது

எல்லையைத் திருத்தியதும் எண்கள் ஒத்துவரும் என்று எதிர்பார்த்தோம். பெரும்பாலும் ஒத்துவந்தன. ஆனால் காலையில் திறந்த மணி அறிக்கையை மாலையில் மறுபடி திறந்தால் மொத்தம் மாறியிருந்தது. மறுநாள் திறந்தால் மாறாமல் உறைந்து நின்றது. ஒரே நிரல், ஒரே அறிக்கை, நள்ளிரவுக்கு முன் ஒரு குணம், பின் ஒரு குணம். எங்களை அதிக நேரம் அலைக்கழித்தது இதுதான்.

சப்மேப் திருப்பித் தருவது நகல் அல்ல. அது மூல மேப்பின்மேல் வைத்த ஒரு வியூ, ஒரு ஜன்னல். அதற்குச் சொந்தமாகக் கீகளும் இல்லை, மதிப்புகளும் இல்லை. தொடக்கம் எது, முடிவு எது, எந்த மரத்தைப் பார்க்கிறது என்பது மட்டுமே அதனிடம் இருக்கிறது. அதனால்தான் சப்மேப்பை அழைப்பது எவ்வளவு பெரிய வீச்சானாலும் உடனே முடிகிறது. மூல மேப்பில் சேர்த்தால் ஜன்னலில் தெரியும். ஜன்னல் வழியாக அழித்தால் மூலத்தில் அழியும். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, நாங்களும் படித்தவர்கள்தான். ஆனால் 'மேப்' என்ற வகையில் ஒன்று கைக்கு வந்ததும் அதை நம் சொந்தப் பொருளாகவே மனம் எடுத்துக்கொள்கிறது.

மணி அறிக்கையின் கேஷ் (மறுபடி கேட்டால் உடனே தருவதற்கான தற்காலிகச் சேமிப்பு) இந்த வியூக்களையே ஏழு நாளுக்குச் சேமித்து வைத்திருந்தது. தாமதமாக வரும் ரீடிங்குகள் மூல மரத்தில் சேர்ந்ததும், ஏற்கெனவே வெளியிட்ட மணியின் மொத்தமும் கூடவே மாறியது. அது பாதிக் கதை. மற்ற பாதி நள்ளிரவில் இருந்தது.

30 நாளுக்கு முந்தைய ரீடிங்குகளை நீக்க, முதலில் ஹெட்மேப்(எல்லை) எடுத்து அதன்மேல் கிளியர் என்று அழைத்தார்கள். அழகான வழி, ஜன்னல் வழியே அழிப்பதால் மூலத்திலேயே போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் வேறொரு த்ரெட் (நிரலில் இணையாக ஓடும் இன்னொரு வேலை) ஒரு வியூவில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்துகொண்டிருந்தால் அதற்குக் கன்கரன்ட்-மாடிஃபிகேஷன்-எக்செப்ஷன் விழும். எழுதும் பாதையில் பூட்டு இருந்தது. படிக்கும் பாதையில் இல்லை, ஏனென்றால் படிப்பவர் தன் கையில் இருப்பது தனி நகல் என்று நினைத்தார். எக்செப்ஷனைத் தவிர்க்க யாரோ நீக்குவதையே மாற்றினார்: டெயில்மேப்(எல்லை)-யிலிருந்து ஒரு புதிய ட்ரீமேப்பைக் கட்டி, பழையதன் இடத்தில் அதை வைத்துவிடுவது. எக்செப்ஷன் நின்றது. ஆனால் கேஷில் இருந்த வியூக்கள் இன்னும் பழைய மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. புதிய மரத்தில் சேர்பவை அவற்றுக்குத் தெரியாது. நள்ளிரவுக்குப் பின் உறைந்ததன் காரணம் இதுதான்.

இதற்கு இன்னொரு விலையும் இருந்தது. வியூ ஒன்று உயிரோடு இருக்கும்வரை அது பார்க்கும் முழு மரமும் உயிரோடு இருக்கும். 60 ரீடிங்கைக் காட்டும் ஜன்னல் 43,200 நோடுகளைப் பிடித்து வைத்திருக்கும். ஏழு நாள் கேஷ், நாளுக்கு ஒரு புதிய மரம்: மீட்டருக்கு ஒரு மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ எட்டு. நினைவகம் ஏன் நிரம்புகிறது என்று ஹீப் டம்ப் (நினைவகத்தில் இருப்பவற்றின் முழுப் பதிவு) எடுத்தபோது, ஒவ்வொரு பழைய மரத்தின் வேரையும் பிடித்திருந்தவை அசெண்டிங்-சப்மேப் என்ற உள்வகுப்பின் பொருள்கள். அந்தப் பெயரைப் பார்த்ததும்தான் மூன்று புகார்களுக்கும் மூலம் ஒன்று என்று புரிந்தது.

இப்போதைய விதி எங்களிடம் கறாரானது. வியூ ஒரு முறைக்குள் பிறந்து அதே முறைக்குள் மடிய வேண்டும். புலத்தில் சேமிப்பது, கேஷில் வைப்பது, வெளியே திருப்பித் தருவது எதுவும் கிடையாது. கேஷில் போவது கணக்கிட்டு முடித்த மொத்தம் மட்டும். நகல்தான் வேண்டுமென்றால் புதிய ட்ரீமேப்பின் கட்டமைப்பியிடம் (கன்ஸ்ட்ரக்டரிடம்) வியூவைக் கொடுக்கலாம். ஏற்கெனவே வரிசையில் இருப்பதால் மரத்தை நேர்கோட்டு நேரத்தில் கட்டிவிடும். ஒரு எச்சரிக்கை: அந்த வியூவை வெறும் 'மேப்' வகை மாறியில் வைத்துக் கொடுத்தால் வேறு கட்டமைப்பி அழைக்கப்படும், அது கீகளை வரிசைப்படுத்த நீங்கள் கொடுத்த விதியை, அதாவது கம்பரேட்டரை, விட்டுவிட்டு இயல்பான வரிசைக்குப் போய்விடும். மாறியின் வகை சார்ட்டட்மேப்பாக இருக்கட்டும்.

படிப்பதும் எழுதுவதும் ஒரே சமயத்தில் நடப்பதால் ட்ரீமேப்பை விட்டு கன்கரன்ட்-ஸ்கிப்லிஸ்ட்-மேப்புக்கு மாறினோம். அதுவும் நேவிகபிள்மேப்தான், வீச்சுகள் அப்படியே வேலை செய்யும். அதைச் சுற்றி வரும்போது இடையில் மாற்றம் நடந்தால் எக்செப்ஷன் வராது. ஆனால் அந்த மாற்றம் நம் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். ஹெட்மேப்பின் கிளியரும் ஒரே அடியில் நடப்பதல்ல, ஒவ்வொன்றாகத்தான் நீக்கும். முடிந்துபோன மணியைப் படிப்பதற்கும் 30 நாளுக்கு முந்தையதை நீக்குவதற்கும் இடையே மேற்படிதல் இல்லாததால் எங்களுக்கு இது போதும். கணப்பொழுது நிலையை அப்படியே பிடிக்க வேண்டியவர்களுக்குப் போதாது.

வியூவைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல வேண்டும். வீச்சுக்கு வெளியே உள்ள கீயை அதன் வழியாகச் சேர்க்க முயன்றால் அது மறுத்து எக்செப்ஷன் எறிகிறது. வெளியே உள்ள கீயைக் கேட்டால் மட்டும் 'இல்லை' என்று நல் (null, வெற்று மதிப்பு) திருப்பித் தருகிறது. எழுதுவதில் கண்டிப்பு, படிப்பதில் அமைதி. தவறான மணியில் ரீடிங் எழுதும் பிழையொன்றை அந்தக் கண்டிப்பு எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தது.

எண்ணிக்கை இலவசமல்ல

ட்ரீமேப் காலத்தில் இருந்த மந்தமும் இதே வேரிலிருந்து வந்தது. முழு மேப்பின் சைஸ் ஓர் எண்ணைப் படிப்பது. வியூவின் சைஸ் அப்படியல்ல. ஜன்னலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து எண்ணும். எண்ணியதை நினைவில் வைக்கும், ஆனால் மரத்தில் ஒரு கீ சேர்ந்தாலோ நீங்கினாலோ அந்த நினைவு செல்லாது. நாங்கள் ஒவ்வொரு ரீடிங் சேர்ந்த பிறகும் மாத வீச்சின் சைஸைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு ரீடிங்குக்கு 43,200 அடி நடை. காலியா என்று அறிய மட்டும் வேண்டுமானால் இஸ்எம்ப்டி கேளுங்கள், அது முதல் கீயைத் தேடுவதோடு நின்றுவிடும். ஸ்கிப்லிஸ்டின் வியூவும் எண்ணுவதற்கு நடக்கத்தான் செய்கிறது. எண்ணிக்கையைத் தனியாகக் கூட்டி வைத்துக்கொண்டோம், தீர்ந்தது.

அதே எல்லை, வேறு கதவு

எல்லை பற்றிய கேள்வி வீச்சுகளோடு முடியவில்லை. கட்டண விகிதம் மாறும் நேரங்களை இன்னொரு மேப்பில் வைத்திருக்கிறோம்: கீ, விகிதம் அமலுக்கு வரும் கணம். ஒரு ரீடிங்குக்கு எந்த விகிதம் என்று பார்க்க, அந்த நேரத்துக்குச் சமமான அல்லது அதற்கு முந்தைய கீ வேண்டும். அது ஃப்ளோர்-என்ட்ரி. நிரலில் இருந்தது லோயர்-என்ட்ரி, அது சமமானதை எடுக்காது, கண்டிப்பாகச் சிறியதைத்தான் எடுக்கும். விகிதம் மாறும் அதே நிமிடத்து ரீடிங் பழைய விகிதத்தில் கணக்கானது. சீலிங்கும் ஹையரும் மறுதிசையில் இதே ஜோடி. முதல் விகிதத்துக்கு முந்தைய நேரத்தைக் கேட்டால் ஃப்ளோர்-என்ட்ரி நல் தரும். அங்கே அமைதியாகப் பூஜ்ய விகிதம் போடாமல் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். இந்த முறைகள் தரும் என்ட்ரி அந்தக் கணத்தின் பிரதி, அதில் செட்-வேல்யூ அழைத்தால் ஏற்காது. வியூவைச் சுற்றி வரும்போது கிடைக்கும் என்ட்ரியில் எழுதினாலோ ட்ரீமேப்பில் மூலத்துக்கே போய்ச் சேரும்.

டெஸ்ட்கள் ஏன் பச்சையாகவே இருந்தன என்றும் தேடினோம். மாதிரி ரீடிங்குகள் எல்லாம் 10:07, 10:23, 10:41 என்று வீச்சின் நடுவில் விழுந்தன. எல்லையில் ஒன்றுகூட இல்லை. இப்போது ஒவ்வொரு வீச்சு டெஸ்டிலும் தொடக்கத்தில் ஒரு கீ, முடிவுக்குச் சற்று முன் ஒன்று, முடிவிலேயே ஒன்று. அதற்கும் மேலாக, எந்த மூன்று நேரங்களை வரிசையாக எடுத்தாலும் முதல் இரண்டுக்கு இடைப்பட்ட எண்ணிக்கையும் பின் இரண்டுக்கு இடைப்பட்ட எண்ணிக்கையும் சேர்ந்தால் முதலுக்கும் கடைசிக்கும் இடைப்பட்டது வர வேண்டும் என்று ஒரு டெஸ்ட், தற்போக்கான நேரங்களோடு. பழைய உதவி முறையை அதில் ஓட்டிப் பார்த்தோம். நடு நேரத்தில் ஒரு கீ அமைந்த முதல் சுற்றிலேயே சிவப்பு.

பழைய மணி அறிக்கைகளைத் தரவுத்தளத்தின் ரீடிங்குகளிலிருந்து மறுபடி கணக்கிட்டோம். அனுப்பிய எண்ணுக்கும் திருத்திய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், அடுத்த மணியின் முதல் ரீடிங்குக்குச் சரியாகச் சமமா என்று ஒவ்வொரு மணிக்கும் ஒப்பிட்டோம். சில மணிகளில் சமமாக இல்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தால், எல்லாவற்றிலும் அறிக்கை போன பிறகு தாமதமாக வந்து சேர்ந்த ரீடிங்குகள் இருந்தன. அந்த மணிகளைத் தனியாகக் குறியிட்டு, எல்லையால் வந்த வித்தியாசம் எவ்வளவு, தாமதத்தால் வந்தது எவ்வளவு என்று இரண்டு பத்திகளில் பிரித்து எழுதி, திருத்திய அறிக்கையோடு அனுப்பினோம்.